பரோடா நுண்கலைப் புலம்: ஒரு பல்கலைக்கழகத்துக்குள் கலை பயில்வது எதை மாற்றியது?

கேள்வி: மெழுகுரு

அனைவருக்கும் வணக்கம். நான் கும்பகோணத்தில் சிற்பக்கலை இளங்கலைப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். சுவாமிமலையில் தலைமுறைகளாகப் பஞ்சலோக வார்ப்பு செய்துவரும் குடும்பத்தில் பிறந்தவள் என்பதால், காவிரி வண்டல் மண்ணையும் மெழுகையும் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே தொட்டுப் பழகியிருக்கிறேன். முதுகலைக்கு வதோதராவில் உள்ள மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலத்துக்கு, அதாவது கலைஞர்கள் இன்றும் ‘பரோடா’ என்றே சொல்லும் இடத்துக்கு, விண்ணப்பிக்கும்படி என் ஆசிரியர்கள் வற்புறுத்துகிறார்கள்.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. “இங்கே பட்டறையில் கற்றுக்கொள்ள முடியாத எதை அங்கே கற்றுத் தருவார்கள்?” என்று மட்டும் கேட்டார். என்னால் தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் புலம் எப்படித் தோன்றியது, அதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அது ஒரு பல்கலைக்கழகத்துக்குள் அமைந்ததை ஏன் அவ்வளவு அழுத்திச் சொல்கிறார்கள், அங்கே உள்ள படிப்புகளில் என்னைப் போன்ற ஒருத்திக்குப் பொருந்துவது எது என்பவற்றை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். சிற்பத்தைத் தொடர்வதா, கலை வரலாற்றுக்கு மாறுவதா என்ற தடுமாற்றமும் எனக்கு இருக்கிறது.

மறுமொழி: சுவடிக்கூடம்

அம்மா, உங்கள் தந்தையார் கேட்டது சரியான கேள்வி. கலை வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் முதலில் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். பதில் அதற்குள்ளேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

நாடு விடுதலை பெற்ற காலத்தில் இங்கே கலை பயில விரும்பியவருக்குப் பெரும்பாலும் இரண்டு பாதைகள்தாம் இருந்தன. ஒன்று, ஆங்கிலேய ஆட்சியில் தோன்றிய கலைப்பள்ளிகள்: சென்னையில் 1850, கல்கத்தாவில் 1854, பம்பாயில் 1857. கைவினைஞர்களைப் பயிற்றுவதும், பார்த்ததைப் பார்த்தபடி வரையும் திறனை வளர்ப்பதும் அவற்றின் தொடக்க நோக்கங்கள். படித்து முடித்தவர் கையில் கிடைத்தது பட்டயம். இரண்டாவது, 1919இல் தாகூர் சாந்திநிகேதனில் தொடங்கி ஓவியர் நந்தலால் போஸ் வளர்த்தெடுத்த கலாபவனம். அங்கே இயற்கையோடும் கிராமத்தோடும் கலந்த கல்வி இருந்தது; ஆனால் அது இருந்த விசுவபாரதி, சட்டப்படியான மத்தியப் பல்கலைக்கழகம் ஆனது 1951இல்தான்.

பரோடா இவ்விரண்டுக்கும் வெளியே முளைத்தது. மண் ஏற்கெனவே பண்பட்டிருந்தது. மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் 1890இல் கலாபவன் என்ற பெயரில் தொழிற்கல்வி நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்; ரவிவர்மாவை அழைத்து அரண்மனைக்கு ஓவியங்கள் தீட்டச் செய்தார்; அருங்காட்சியகம் ஒன்றைக் கட்டினார். அரச குடும்பத்தின் நினைவகமான கீர்த்தி மந்திரில் நந்தலால் போஸ் சுவரோவியங்கள் வரைந்தார். 1949இல் பல்கலைக்கழகம் உருவானபோது அதன் முதல் துணைவேந்தராக வந்தவர் ஹன்சா மேத்தா. அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தவர் அவர். உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் உறுப்பில், ஆண்களை மட்டும் குறிப்பதாகப் பொருள் கொள்ளத்தக்க சொல்லை நீக்கி ‘மனிதர் அனைவரும்’ என்று மாற்றச் செய்தவரும் அவரே. அப்படிப்பட்ட ஒருவரின் தலைமையில், 1950இல் நுண்கலைப் புலம், அறிவியலும் சட்டமும் பொறியியலும் போலப் பட்டம் வழங்கும் ஒரு புலமாகத் தொடங்கியது. நுண்கலையைப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாக இந்நாட்டில் நிலைநிறுத்தியது அதுவே.

முதல் புலத்தலைவர் மார்க்கண்ட் பட். ஓவியத்துக்கு என்.எஸ். பேந்த்ரே, சிற்பத்துக்கு, சாந்திநிகேதனின் சிற்பி ராம்கிங்கர் பைஜின் மாணவரான சங்கோ சவுதுரி. 1951இல் கே.ஜி. சுப்ரமண்யன் வந்து சேர்ந்தார். இவர்கள் அனைவரும் தாங்களே படைப்பில் முழுமையாக ஈடுபட்டிருந்தவர்கள். பேந்த்ரே இந்தூரிலிருந்தும் சவுதுரியும் சுப்ரமண்யனும் சாந்திநிகேதனிலிருந்தும் வந்ததால், எந்த ஒரு பாணியும் அங்கே வீட்டுப் பாணியாக உறைந்துவிடவில்லை. பேந்த்ரே ஐரோப்பிய நவீன ஓவியர்களான பிக்காசோவையும் பிராக்கையும் தன் தூரிகையால் ஆராய்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அடுத்த கட்டடத்தில் சங்கோ சவுதுரி கல்லிலும் உலோகத் தகட்டிலும் வடிவத்தைச் சுருக்கிச் சுருக்கி எளிமையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

இனி, பல்கலைக்கழகம் என்பதை ஏன் அழுத்திச் சொல்கிறோம் என்பதற்கு வருகிறேன். பட்டம் என்று வந்தவுடன் கையால் செய்வது மட்டும் போதாது, செய்வதைப் பற்றிப் படிக்கவும் எழுதவும் வேண்டும் என்றாயிற்று. ஓவியம், சிற்பம், பயன்பாட்டுக் கலை என எந்தத் துறையில் சேர்ந்தாலும் கலை வரலாறும் அழகியலும் பாடமாக வந்தன. அவற்றுக்கென்று தனித் துறையும் வளர்ந்தது. ரதன் பரிமூ 1966 முதல் கால் நூற்றாண்டு அதை வழிநடத்தினார். குலாம் முகம்மது ஷேக் முதலில் கற்பித்தது கலை வரலாறுதான். ஓவியத் துறைக்கு அவர் வந்தது 1980களில். முகலாயச் சிற்றோவியத்தையும் இத்தாலியின் சியன்னா நகரத்துச் சுவரோவியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் கண், அவருடைய ஓவியங்களில் ஒரு நகரம் முழுவதும் ஒரே பரப்பில் விரிகிற விதத்தில் தெரியும். வகுப்பறை அவருடைய தூரிகைக்கு ஊட்டம் தந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதற்கு இன்னும் வியப்பான சான்று பூபேன் கக்கர். பம்பாயில் கணக்காயராகத் தகுதி பெற்றவர், 1962இல் பரோடா வந்து கலை விமர்சனப் படிப்பில் சேர்ந்தார். வேறு எந்தக் கலைப்பள்ளியிலாவது கோட்டோவியத் தேர்வில் வடிகட்டப்பட்டிருக்கக்கூடிய ஒருவர், எழுத்தும் படிப்பும் திறந்த கதவின் வழியாக உள்ளே வந்து, முடிதிருத்துபவரையும் கடிகாரம் பழுதுபார்ப்பவரையும் தையற்காரரையும் இந்திய ஓவியத்தின் நடுவில் உட்காரவைத்தார். ஷேக்கும் கக்கரும் சேர்ந்து 1969 முதல் 1973 வரை ‘விருச்சிக்’ என்ற சிற்றிதழை நடத்தினார்கள். சிற்றிதழ் மரபை அறிந்த நமக்கு அதன் அருமையைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

மறுமொழி: செப்புத்தகடு

மேலே எழுதிய ஐயா வரலாற்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் அங்கே அச்சோவியம் பயின்றவள் என்பதால் பட்டறைகளைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் அப்பாவின் கேள்விக்கு அந்த வழியாகவும் ஒரு பதில் உண்டு.

கே.ஜி. சுப்ரமண்யனிடமிருந்து தொடங்க வேண்டும். பாலக்காட்டுக் கல்பாத்தியைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ்க் குடும்பத்தில், 1924இல் வடகேரளத்துக் கூத்துப்பறம்பில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தபோது விடுதலைப் போராட்டத்தில் இறங்கிச் சிறை சென்றார். அதன்பின் அரசுக் கல்லூரிகளின் கதவு அவருக்கு மூடியது. 1944இல் சாந்திநிகேதனுக்குப் போனார். பரோடாவில் ஆசிரியரான பிறகும் நடுவில் இரண்டு ஆண்டுகள் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பணியில் இருந்து, 1961இல் திரும்பி வந்தார். நெசவாளரிடமும் குயவரிடமும் பொம்மை செய்பவரிடமும் அவர் கண்டது, மரபு என்பது ஒரு மொழி, அதன் சொற்களைக் கற்றவர் புதிய வாக்கியங்களை எழுதலாம் என்பது. அதைச் சுடுமண்ணிலும் மரத்திலும் துணியிலும் கண்ணாடியின் பின்புறத்திலும் அவரே செய்து காட்டினார். 1963இல் லக்னோவின் ரவீந்திராலயக் கட்டடத்தில் அவர் அமைத்த பெரிய சுடுமண் சுவர்ச்சிற்பம், ஒரு குயவரின் கைமுறைகள் கட்டடக்கலையின் அளவுக்கு எப்படி வளரும் என்பதற்குச் சான்றாக நிற்கிறது.

அவர் திரும்பி வந்த அதே 1961இல்தான் நுண்கலைச் சந்தை தொடங்கியது. ஆசிரியரும் மாணவரும் எல்லாத் துறைகளையும் மறந்து, பொம்மை, அணிகலன், மண்பாண்டம், பொம்மலாட்டம் என்று கையால் செய்து, வளாகத்திலேயே நகர மக்களுக்கு விற்பார்கள். ஓவியத் துறையில் இருப்பவர் சூளைக்கு முன்னால் நிற்பார். சிற்பத் துறையில் இருப்பவர் துணியில் அச்சுப் பதிப்பார். என் படிப்புக் காலத்தில் நான் அதிகமாகக் கற்ற வாரங்கள் அந்தச் சந்தைக்கு முந்தைய வாரங்கள் என்றால் அது மிகையில்லை. விலை சொல்லி, வாங்குபவரின் முகத்தைப் பார்த்து, இது ஏன் அவருக்குப் பிடிக்கிறது என்று யோசிக்கும் பயிற்சி எந்தப் பாடத்திட்டத்திலும் வராது.

அச்சோவியக் கூடத்துக்கு உயிர் கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஜோதி பட். புலத்தின் தொடக்க கால மாணவர். நேப்பிள்சிலும் பிறகு நியூயார்க்கின் பிராட் நிறுவனத்திலும் பயின்று, செப்புத் தகட்டைக் கீறியும் அமிலத்தில் அரிக்கவிட்டும் மை ஏற்றும் இன்டாலியோ முறைகளில் தேர்ந்து வந்து கற்பித்தார். ஆனால் நான் அவரை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் வேறு. 1967 தொடங்கி அவர் கேமராவை எடுத்துக்கொண்டு குஜராத், ராஜஸ்தான் முதலிய மாநிலங்களின் கிராமங்களுக்குப் போய், சுவரிலும் தரையிலும் பெண்கள் வரைந்தவற்றைப் பல ஆண்டுகள் படம்பிடித்தார். சிற்பி ராகவ் கனேரியாவும் அப்பணியில் இருந்தார். இரண்டு மழைக்குள் அழிந்துபோகும் கோலங்களுக்கு ஓர் ஆவணம் கிடைத்தது. கையால் படைக்கிறவரே ஆய்வாளராகவும் ஆவணக்காரராகவும் இருக்க முடியும் என்ற எண்ணம் அந்த வளாகத்தில் காற்றைப் போல இயல்பாக இருந்தது.

அப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: வார்ப்பை உங்களை விட நன்றாக அங்கே யாரும் எனக்குக் கற்றுத் தரப் போவதில்லை, ஆனால் தெய்வ உருவை வருணிக்கும் தியான சுலோகமும் அங்க அளவுகளைச் சொல்லும் தாளமானமும் அளக்கிற உருவத்துக்கு வெளியே அந்த மெழுகு வேறு எதைச் சொல்லக்கூடும் என்று கேட்கவும், நீங்கள் செய்வதை எழுத்தில் பதிவு செய்யவும் அங்கே இடமும் துணையும் கிடைக்கும்.

இன்னொருவரையும் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. 1972 முதல் அங்கே கற்பித்த நஸ்ரீன் முகமதி, பேனாவும் அளவுகோலும் கொண்டு வெறும் கோடுகளால் வரைந்தார். உருவங்களும் கதைகளும் ஓங்கியிருந்த பரோடாவில், அவருடைய மௌனமான தாள்களுக்கும் இடம் இருந்தது. 1990இல் மறைந்தார். அவர் வரைந்த ஒரு தாளின் முன் அரைமணி நேரம் நின்றால், கோடு என்பது எவ்வளவு பெரிய சுமையைத் தாங்கும் என்று உங்களுக்கே புரியும். சிற்பியான உங்களுக்கு இது தேவைப்படும் என்று நினைக்கிறேன்.

மறுமொழி: காட்சிப்பேழை

படிப்புகளைப் பற்றிச் சுருக்கமாக. இளநிலைக் காட்சிக்கலைப் பட்டம் நான்கு ஆண்டுகள். முதுநிலை இரண்டு ஆண்டுகள். முன்பு இவை நுண்கலையில் பி.ஏ., எம்.ஏ. என்று வழங்கப்பட்டன. ஓவியம், சிற்பம், பயன்பாட்டுக் கலை, அச்சோவியம், கலை வரலாறும் அழகியலும், அருங்காட்சியகவியல் ஆகியவை துறைகள். இடங்களின் எண்ணிக்கை, நுழைவுத் தேர்வு முதலியவற்றுக்கு அந்தந்த ஆண்டின் அறிவிப்பை மட்டுமே நம்புங்கள். நண்பர்கள் சொல்லும் பழைய தகவல்களை நம்பி விண்ணப்பிக்க வேண்டாம்.

நான் படித்தது அருங்காட்சியகவியல். 1950களின் தொடக்கத்திலேயே இத்துறை அங்கே வந்துவிட்டது. நாட்டிலேயே இந்தப் படிப்புக்கு அது முன்னோடி. சாயாஜி பூங்காவில் உள்ள பழைய அருங்காட்சியகம் நடந்து போகும் தொலைவில் இருக்கிறது. அங்கே உள்ள அகோட்டா வெண்கலங்களை நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். வதோதராவுக்கு அருகே அகோட்டாவில் புதைந்து கிடந்து கிடைத்த சமண உலோகத் திருமேனிகள் அவை. பழையவை ஏறத்தாழ ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. சோழர் வெண்கலத்தையே உலகமாகக் கண்டு வளர்ந்த எனக்கு, அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே மேற்கிந்தியாவில் மெழுகு உருக்கி வார்த்தவர்களின் கையைக் கண்டபோது ஏற்பட்ட உணர்வைச் சொல்லி முடியாது. கண்ணிலும் ஆடைக் கோட்டிலும் வெள்ளியும் செம்பும் பதித்திருப்பதை உங்கள் அப்பா பார்த்தால் நீண்ட நேரம் பேசுவார்.

மறுமொழி: நெல்வயல்

இதுவரை எழுதியவர்களின் மீது மதிப்புடன் சில மாற்றுக் கருத்துகளைச் சொல்ல விரும்புகிறேன். பரோடாவின் பெருமையைச் சொல்லும்போது, மற்ற இடங்களில் எதுவுமே நடக்கவில்லை என்பது போன்ற தோற்றம் வந்துவிடக் கூடாது. சென்னைக் கலைக்கல்லூரி பட்டயம் மட்டும் தந்த காலத்தில்தான் கே.சி.எஸ். பணிக்கர் அங்கே முதல்வராக இருந்தார், எஸ். தனபால் சிற்பம் கற்பித்தார். 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவானது. கலைஞர்களே நிலம் வாங்கி, மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்று, அந்த வருவாயில் ஓவியமும் சிற்பமும் செய்து வாழ முடியும் என்று காட்டினார்கள். பட்டத்தால் மட்டும் ஒரு சிந்தனை மரபு உருவாவதில்லை.

பரோடாவுக்குள்ளேயே எதிர்க்குரல்களும் எழுந்தன. 1987இல் ராடிக்கல் ஓவியர் சிற்பிகள் சங்கம், கே.பி. கிருஷ்ணகுமாரும் பெரும்பாலும் கேரளத்தைச் சேர்ந்த அவருடைய தோழர்களுமாக, அந்தப் புலத்தின் காட்சிக்கூடத்திலேயே கண்காட்சி நடத்தியது. கலை வணிகத்தையும், பரோடா ஓவியர்களின் கதை சொல்லும் போக்கையும் அது கடுமையாக விமர்சித்தது. அந்த விமர்சனத்தைப் படிக்காமல் பரோடாவைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் கருத்து. தன்னை எதிர்த்தவர்களுக்கும் சுவர் கொடுத்தது என்பதை அந்தப் புலத்தின் பெருமையாகவே நான் எண்ணுகிறேன்.

பல்கலைக்கழகம் தரும் பாதுகாப்புக்கும் எல்லை உண்டு. 2007 மே மாதம், தேர்வு மதிப்பீட்டுக்காக வளாகத்துக்குள் வைக்கப்பட்டிருந்த ஒரு மாணவரின் படைப்புகளை எதிர்த்து வெளியிலிருந்து ஆட்கள் நுழைந்தார்கள். மாணவர் கைது செய்யப்பட்டார். மாணவர்களுக்குத் துணைநின்று, அவர்கள் வைத்த எதிர்ப்புக் கண்காட்சியை மூட மறுத்த பொறுப்புப் புலத்தலைவர் சிவாஜி பணிக்கர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். தேர்வுத்தாளைத் திருத்தும் முன்பே தெருவில் நின்று ஒருவர் மதிப்பெண் போட்டால் எப்படியிருக்குமோ அப்படித்தான் அது இருந்தது. நாடு முழுவதும் கலைஞர்கள் கண்டித்தார்கள். அந்தக் காயம் அங்கே படித்தவர்களிடம் இன்னும் ஆறவில்லை. போகிறவர்கள் இதையும் அறிந்து போக வேண்டும்.

சிற்பமா, கலை வரலாறா என்ற கேள்விக்கு நான் சிற்பம் என்றே சொல்வேன். உங்கள் கையில் இருப்பது எழுதப்படாத அறிவு. மெழுகின் பதம் வெயிலுக்கும் பனிக்கும் ஏற்ப எப்படி மாறுகிறது, குங்கிலியமும் எண்ணெயும் எவ்வளவு சேர்ப்பது, மண்கவசத்தின் முதல் பூச்சு ஏன் அவ்வளவு நைசாக இருக்க வேண்டும் என்பவற்றை நீங்கள் கையை எடுத்துவிட்டால் உங்கள் தலைமுறையில் யார் சொல்வார்கள்? கலை வரலாறு அங்கே எப்படியும் பாடமாக வரும்.

கேட்டவர் எழுதுவது: மெழுகுரு

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. நீங்கள் எழுதியவற்றை நேற்று இரவு அப்பாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். கல்பாத்திக்காரர் சிறைக்குப் போய்வந்து பொம்மை செய்ததை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். அகோட்டா வெண்கலத்தில் வெள்ளி பதித்திருக்கும் இடத்தில் நிறுத்தி, வார்த்த பிறகு குழி வெட்டி அடித்தார்களா, வார்ப்பிலேயே குழி விட்டார்களா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

சிற்பத் துறைக்கே விண்ணப்பிக்க முடிவு செய்திருக்கிறேன். ஒரே ஒரு ஐயம் மட்டும் மீதமிருக்கிறது: விண்ணப்பத்தோடு காட்டும் படைப்புகளில், பட்டறையில் அப்பாவோடு சேர்ந்து வார்த்த திருமேனிகளை வைக்கலாமா, அல்லது கல்லூரியில் செய்தவற்றை மட்டும் வைப்பதா?

மறுமொழி: செப்புத்தகடு

இரண்டையும் வையுங்கள் தங்கையே. ஆனால் திருமேனியின் படத்துக்குக் கீழே, அதில் எந்த வேலை உங்களுடையது, எது அப்பாவுடையது என்று நேர்மையாகக் குறிப்பிடுங்கள். மெழுகு உரு, மண்கவசம், உருக்கி ஊற்றுதல், சீவுளியால் நுணுக்கம் செய்தல் என்று ஒவ்வொரு நிலையிலும் ஒரு படம் இருந்தால் இன்னும் நல்லது. அப்பா கேட்ட அந்தக் கேள்வியையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். உங்கள் முதுகலை ஆய்வுக்கு அதுவே தலைப்பாகலாம்.